சிறுவர் பாடத்தை அமைப்பது எப்படி?
புதிய தமிழ் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்



புலம்பெயர்ந்த நாடுகளில் கோயில் மண்டபங்களிலும் வாடகைக்கு எடுத்த பள்ளி அறைகளிலும் நடைபெறும் தமிழ் வகுப்புகளிற் கற்பிப்போர் பலர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களல்லர். கணக்காளர், தாதியர், பொறியியலாளர், இல்லத்தரசியர், பல்கலைக்கழக மாணவர் எனப் பலதரப்பட்டோர் இப்பணியைச் செய்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை ஒரு மணிநேரம் ஆர்வத்தோடு வைத்திருப்பது வேறொரு கலை. அதனை ஓர் உதாரணப் பாடத்தின் மூலம் விளக்க முயல்கிறோம்.

நம் கையிலுள்ள நேரம்

வாரம் ஒரு மணி வீதம் ஆண்டில் 40 ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு நடந்தால், பிள்ளைக்குக் கிடைப்பது 40 மணிநேரம். வாரநாட் பள்ளியில் பிள்ளை நாளொன்றுக்கு 6 மணிநேரம் படிக்கிறது என்று கொள்வோம். நமது ஓராண்டுத் தமிழ் முழுவதும் அங்கே ஏழு நாட்களுக்குள் அடங்கிவிடும்! ஆகவே ஆசிரியர் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் பார்த்து எழுதுவதில் இந்த மணியைச் செலவிடுவது தகாது. பார்த்து எழுதுவதை வீட்டிலும் செய்யலாம். மற்றப் பிள்ளைகளோடு தமிழிற் பேசுவது, விளையாடுவது, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது ஆகியவற்றுக்கு வகுப்பே ஏற்ற இடம்.

எட்டு, ஒன்பது வயதில் "இனி நான் வரமாட்டேன்" என்று சொல்லும் பிள்ளைகளை எல்லாரும் அறிவோம். பெற்றோர் வற்புறுத்தி இன்னும் ஓரிரு ஆண்டுகள் அனுப்பலாம். அதன் பின்னர் அப்பிள்ளை, தொலைபேசியில் அம்மம்மாவிடம் "சுகமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சொல் தெரியாமல் தாயிடம் நீட்டிவிடும். சிறு வகுப்புப் பாடம் சுவையாக அமையவேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

ஒரு பாடத்துக்கு ஒரு நோக்கம்

பாடக் குறிப்பேட்டில் "எழுத்துப் படிப்பித்தல்" என்று எழுதினால் அது நோக்கமாகாது. "இந்த மணி முடியும்போது பிள்ளையால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டு அதற்கான விடையை எழுதுங்கள். நமது உதாரணப் பாடத்தின் நோக்கம் இது: "'படம்', 'பட்டம்' என்ற இரு சொற்களையும் பிள்ளை தானாக வாசிக்கும்."

தமிழுக்கு 247 எழுத்துகள் என்று முதல்நாளே சொல்லிப் பிள்ளையை மிரட்டவேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் அறிந்தால் உயிர்மெய் 216இல் பெரும்பாலானவை தாமே வரும். உகர, ஊகார வரிசைகளை மட்டும் தனியே கவனிக்கவேண்டும்.

நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய 'அ' வளைவும் சுழியும் உடையது. சிறு விரல்களுக்குக் கடினமானது. எனவே வடிவத்தில் எளிய ட, ப, ம என்ற எழுத்துகளில் தொடங்குவது பல ஆசிரியர்கள் கையாளும் வழி. நேரே இறங்கி வலப்பக்கம் திரும்பினால் 'ட'. அந்தக் கோடு மேலே ஏறினால் 'ப'. ஏறிய கோடு உள்ளே வளைந்து இறங்கினால் 'ம'. இந்த மூன்று எழுத்துகளோடு புள்ளியையும் சேர்த்தால் படம், பட்டம், மடம், மட்டம் என நான்கு சொற்கள் கிடைக்கின்றன. முதல் வகுப்பிலேயே பிள்ளை சொற்களை வாசித்துவிடுகிறது. அ, ஆ வரிசையைப் பாட்டாக வாயாற் சொல்லி வரலாம். எழுதுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மணிநேரப் பாடம்

முதல் 10 நிமிடம் – கேட்டலும் பேசலும்: ஒரு துணிப்பையில் பழம், பந்து, பருப்பு, பணம், படம் முதலியவற்றைப் போட்டு வாருங்கள். பிள்ளை கையை விட்டு ஒன்றை எடுத்துப் பெயர் சொல்லவேண்டும். எல்லாம் எந்த ஒலியில் தொடங்குகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்த 15 நிமிடம் – எழுதுதல்: தட்டுகளில் மணலோ அரிசியோ பரப்பி விரலால் ட, ப, ம எழுதச் செய்யுங்கள். விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளைகளுக்கு இது பழகிய செயல். தரையில் கயிற்றால் பெரிய எழுத்தை அமைத்து அதன்மேல் நடக்கவும் விடலாம்.

அடுத்த 15 நிமிடம் – சொல்லாக்கம்: நான்கு பிள்ளைகள் ப, ட, ட, ம அட்டைகளைப் பிடித்து வரிசையாக நிற்கட்டும். வட்டமாக வெட்டிய காகிதத்துடன் இருவர் 'புள்ளி'களாக வந்து, முதல் 'ட'வுக்கும் 'ம'வுக்கும் மேலே பிடிக்கட்டும். 'பட்டம்' பிறந்துவிடும். புள்ளிகள் ஓடிவிட்டால் "படடம" என்றுதான் வாசிக்கவேண்டும்; வகுப்பே சிரிக்கும். பிறகு ஒரு 'ட'வும் அதன் புள்ளியும் போய் அமர்ந்தால் 'படம்'. மெய்யெழுத்தின் பயனை இவ்வாறு பிள்ளை கண்ணாற் கண்டுவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். "படம்" என்பதிலுள்ள 'ட' மென்மையாகவும், "பட்டம்" என்பதிலுள்ள 'ட்ட' வலிதாகவும் ஒலிப்பது ஏன்? ஆங்கிலத்தில் இவ்வொலிகளுக்கு வெவ்வேறு எழுத்துகளைக் கற்ற பிள்ளைக்கு இது நியாயமான ஐயம். வல்லின எழுத்து இரட்டித்தால் ஒலி வலிதாகும். இரு உயிரொலிகளுக்கு இடையே தனித்து நின்றால் மெலியும். விதியைச் சொல்லாமல், இரண்டு சொற்களையும் மாறி மாறிச் சொல்லி, வலிதானதற்குக் கைதட்டச் செய்தாற் போதும்.

அடுத்த 15 நிமிடம் – கைவேலை: மெல்லிய நிறத்தாளிற் சிறு பட்டம் செய்து அதன்மேல் "பட்டம்" என்று எழுதட்டும். மண்டபத்தில் தாத்தா ஒருவர் இருந்தால் அழைத்து வாருங்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுவதை அவர் ஐந்து நிமிடம் சொன்னால், நம் பாடநூல் எதிலும் கிடைக்காத தமிழைப் பிள்ளைகள் கேட்பார்கள்.

இறுதி 5 நிமிடம் – சோதித்தல்: வாசலில் நின்று, வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டையைக் காட்டி வாசிக்கச் செய்யுங்கள். வாசிக்காத பிள்ளையைக் கடியாமல் நீங்கள் வாசித்துக் காட்டி அனுப்பிவிட்டு, பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரப் பாடம் அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கவேண்டும்.

மூத்த பிள்ளைகளின் துணை

ஒரே வகுப்பில் சரளமாகப் பேசும் பிள்ளையும், கேட்டால் மட்டும் விளங்கும் பிள்ளையும் இருப்பர். இதற்கு நம் திண்ணைப் பள்ளிகளிலேயே வழி இருந்தது. ஆசிரியருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஸ்கொட்லாந்துக்காரரான அன்ட்றூ பெல், உள்ளூர்ப் பள்ளியிற் சிறுவர் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் இதுபற்றி எழுதி வெளியிட்ட பின், "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது பிரித்தானியாவிற் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தால் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் "மெட்ராஸ் கல்லூரி" என்றே அழைக்கப்படுகிறது.

எனவே பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவரை நான்கு சிறுவருக்குத் துணையாக அமர்த்துங்கள். சிறுவர் தமிழ் கேட்பர். மூத்த பிள்ளைக்கும் வகுப்புக்கு வர ஒரு காரணம் கிடைக்கும். ஓரிடத்தில் இருக்கமாட்டாத துடியாட்டப் பிள்ளையிடம் மணல் தட்டுகளைப் பகிரும் பொறுப்பைக் கொடுங்கள்.

இன்னுமொன்று. பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொன்னால் "தமிழிற் சொல்!" என்று அதட்டவேண்டாம். அதே விடையை நீங்கள் தமிழிற் சொல்லி, பிள்ளையையும் ஒருமுறை சொல்லச் செய்து மேலே செல்லுங்கள். விடை சரி என்பதைப் பிள்ளை முதலில் அறியவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்குச் செல்லும் வழியில் "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, அந்தப் பட்டத்தைக் கையிலெடுத்து "இதில் என்ன எழுதியிருக்கிறது? எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். அன்று மாலை அம்மம்மாவுடன் தொலைபேசியிற் பேசும்போதும் அதனை வாசிக்கச் செய்யுங்கள்.

புதிதாகக் கற்பிக்க விரும்புவோர் முதலில் இரண்டு ஞாயிறுகள் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் வகுப்பிற் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்பதைக் குறித்து வாருங்கள். அதன்பின் உங்கள் முதற் பாடத்தை எழுதத் தொடங்கலாம்.