பழைய மடிக்கணினித் திரையில் வீட்டுத் தகவல் பலகை

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது? நாளை மழை உண்டா? கிராம சபை என்று கூடுகிறது? காவிரிப் பாசனப் பகுதியில் விவசாயக் குடும்பங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்குக் கைப்பேசியில் விடை கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அக்கைப்பேசி குடும்பத் தலைவரின் சட்டைப் பையில் அவரோடு வெளியே சென்றுவிடுகிறது. களத்தில் நெல் காயவைக்கும் தாய்க்கும், மருந்து தெளிக்க ஆள் அமர்த்தும் மனைவிக்கும் அச்செய்தி எட்டுவதில்லை. மழை வருமென்று வீட்டில் ஒருவர் அறிந்திருந்தும் களத்து நெல் நனைந்து போவது இவ்வாறுதான். வீட்டார் யாவரும் போகும்போதும் வரும்போதும் காணுமாறு சுவரில் ஒரு தகவல் பலகை இருப்பின் இக்குறை நீங்கும். அதனைக் குறைந்த செலவில் அமைக்கும் முறையை இங்கே காண்போம்.

திரையைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று பெற்ற கணினிகளுள் பல பழுதுற்றுப் பரணில் கிடக்கின்றன. கணினி பழுதாயினும் திரை நல்ல நிலையில் இருக்கக்கூடும். கண்ணாடியில் விரிசலோ, நிறக் கோடுகளோ இல்லாத திரையையே எடுத்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய திரைகளில் மெல்லிய குழல் விளக்கு உண்டு; அது உயர் மின்னழுத்தத்தில் எரிவது, பாதரசமும் கொண்டது. அதனை விடுத்து, எல்.இ.டி. விளக்குள்ள திரையைக் கொள்வதே நலம்.

கழற்றும் முறை

முதலில் மின் இணைப்பையும் மின்கலத்தையும் நீக்குக. உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; அது தீப்பற்றும். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் ரப்பர் மூடிகளுக்கு அடியில் திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றிச் சட்டத்தைப் பிளாஸ்டிக் பட்டையால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். திரையை வளைத்தல் ஆகாது. பின்புறத்து நாடா இணைப்பைப் பொறுமையுடன் விடுவிக்க வேண்டும்.

திரையின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் மாதிரி எண் இருக்கும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்வது மிக முக்கியம். திரைகள் எல்.வி.டி.எஸ்., இ.டி.பி. என இருவகைப்படும். இணைப்பு முனைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும் வகை வேறாக இருக்கலாம். எண்ணைப் பாராமல் இயக்கு பலகை வாங்குவோர் பணத்தை இழப்பதோடு திரையையும் இழக்க நேரிடும்.

இணைக்கும் முறை

மாதிரி எண்ணைக் கூறி அதற்கேற்ற இயக்கு பலகையை வாங்குக. இது பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக இதனுடன் இணைக்க வேண்டும். சிறு கணினிக்கு 5 வோல்ட் போதும். ஆதலால் இரண்டிற்கும் தனித்தனி அடாப்டர் வைப்பது பாதுகாப்பானது. மேசைமீது வைத்து இயக்கிப் பார்த்த பின்னரே சட்டத்தில் பொருத்துக.

ஊர்த் தச்சரே மரச்சட்டம் செய்து தரலாம். எல்லாம் இரண்டு அங்குலக் கனத்துக்குள் அடங்கும். வெப்பம் வெளியேறத் துளைகள் அவசியம். பல்லி நுழையாதபடி அவற்றைக் கொசுவலையால் மூடுக. மொத்த மின் செலவை 15 வாட் எனக் கொண்டு தினம் 12 மணி நேரம் இயக்கினாலும் மாதத்திற்கு 5.4 யூனிட்டே ஆகும்.

கணினி தொடங்கியதும் ஒரே பக்கம் திரை முழுவதும் தோன்றுமாறு அமைக்க வேண்டும். இதற்கென மாஜிக்மிர்ரர் என்னும் இலவச மென்பொருள் உண்டு. தமிழ் எழுத்துருவை நிறுவத் தவறினால் எழுத்துகளுக்குப் பதில் வெறுங்கட்டங்களே தோன்றக்கூடும்.

எதனைக் காட்டுவது?

ஐந்தாறு வரிகளே போதும்: நாளும் நேரமும், மழை முன்னறிவிப்பு, அணை நீர்மட்டம், உழவர் சந்தை விலை, வீட்டுக் காரியங்கள். பத்தடி தூரத்திலிருந்து பாட்டியாரும் படிக்கத்தக்க பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். மழைச் செய்தி இணையத்திலிருந்து தானே வரும். நீர்மட்டத்தையும் விலையையும் வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் நாள்தோறும் பதிவு செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையம் அறுந்தால் நேற்றைய செய்தியே இன்றும் ஒளிவீசி நிற்கும். "மழை இல்லை" என்ற பழைய வரியை நம்பி நெல்லைப் பரப்பினால் வரும் நஷ்டம், பலகையே இல்லாத வீட்டில் வருவதினும் பெரிது. ஆகவே ஒவ்வொரு செய்தியின் கீழும் அது பெறப்பட்ட நாளும் நேரமும் தோன்ற வேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்டது தானே மறையுமாறு செய்தல் இன்னும் நன்று. ராஸ்பெரி பை 4 வரையிலான கணினிகளில் மின்சாரம் நின்றபின் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை. இணையமில்லாத வேளையில் அவை தவறான நேரத்தைக் காட்டும். சிறு கடிகாரப் பலகை ஒன்றைச் சேர்த்தால் இக்குறை தீரும். மின்தடையால் நினைவட்டை கெடுவதும் உண்டு. அதன் நகல் ஒன்றை எடுத்து வைப்பது அறிவுடைமை.

பஞ்சாயத்துக்கும் பயன்படும்

இதே பலகையைப் பஞ்சாயத்து அலுவலக வாயிலிலும் அமைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களையும், குடிநீர் விடும் நேரத்தையும், நடைபெறும் வேலைகளின் செலவையும் யாரும் கேளாமலே மக்கள் அறிவர். ஆனால் செய்தியை நாள்தோறும் சரிபார்க்கும் பொறுப்பை ஓர் அங்கத்தினர் பெயர் குறித்து ஏற்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பலகை விரைவில் வெறும் விளக்காகிவிடும்.

பரணில் கிடக்கும் திரையை இறக்கித் துடைத்து, அதன் முதுகில் உள்ள எண்ணை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். மற்ற வேலைகள் யாவும் அதிலிருந்தே தொடங்குகின்றன.