காற்று தேங்கினால் நோயாகிவிடுமா?

அன்புள்ள நிலா,

சி.டி. ரிப்போர்ட்டில் 'ஏர் ட்ராப்பிங்' (காற்றுத் தேக்கம்) என்று இருந்ததைப் பார்த்து எம்ஃபிசிமா நோய்க்கான ஜே43.9 கோட் போட்டதாகவும், ஆடிட்டில் அதைத் தப்பென்று திருப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். ஆடிட்டர் சொன்னது சரிதானம்மா. காரணம் நுரையீரலுக்குள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு முயன்று மூச்சை விட்டாலும் பெரியவர்களின் நுரையீரலில் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று மிஞ்சியிருக்கும், அது இயல்பு. எம்ஃபிசிமாவில் நுண்ணறைகளின் சுவர் சிதைந்து, நைந்த எலாஸ்டிக் மாதிரி நுரையீரல் சுருங்கும் தன்மையை இழக்கிறது. சிறு மூச்சுக்குழல்களைத் திறந்து வைத்திருந்த பிடிமானமும் போய்விடுவதால், மூச்சை விடும்போது அவை மூடிக்கொள்ள, காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லெனெக், 1819இல் வெளியிட்ட நூலிலேயே இந்த நோயை விவரித்துவிட்டார்.

ஆனால் ஆஸ்துமாவிலும் காற்று தேங்கும். சிறு மூச்சுக்குழல் அழற்சியிலும் தேங்கும். மூச்சை விட்ட நிலையில் சி.டி. எடுத்தால் நல்ல நுரையீரல் வெளிறித் தெரியும். காற்று தேங்கிய இடம் கறுப்பாகவே நிற்கும். நோயில்லாதவர்களிடமும் அப்படிச் சில திட்டுகள் தெரிவதுண்டு. ரேடியாலஜிஸ்ட் அந்த ரிப்போர்ட்டில் எழுதியது கண்ணில் பட்டதை. நோயின் பெயரை அல்ல. சிகிச்சை தரும் டாக்டர்தான் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சளவுச் சோதனை, புகைப்பழக்கம், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நோய் இன்னதென்று முடிவு செய்கிறார். அந்த முடிவுக்குத்தான் நாம் கோட் போடுகிறோம்.

டாக்டர் எம்ஃபிசிமா என்றே எழுதினாலும் கை அவசரப்படக் கூடாது. 'சென்ட்ரிலோபுலர்' என்றிருந்தால் ஜே43.2, 'பான்லோபுலர்' என்றால் ஜே43.1. நாட்பட்ட அடைப்பு பிராங்கைட்டிஸோடு சேர்ந்திருந்தால் ஜே44 வரிசைக்குப் போக வேண்டும். அறுவைக்குப் பிறகு தோலுக்கடியில் காற்று புகுந்ததையும் எம்ஃபிசிமா என்றே எழுதுவார்கள், அது டி81.82, நுரையீரல் நோயே அல்ல.

'எம்ஃபிசிமாவாக இருக்கலாம்' என்ற குறிப்பு அவுட்பேஷன்ட் சார்ட்டில் இருந்தால் நோய்க்குக் கோட் கிடையாது. மூச்சிரைப்பு போன்ற அறிகுறிக்குத்தான். அதே வாசகம் இன்பேஷன்ட் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு கோட் போடலாம். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

நீ பார்க்கும் சார்ட்டுக்குரியவர் அமெரிக்காவில் எங்கோ இருக்கிறார். இல்லாத நோயை நாம் எழுதிவிட்டால் அது அவருடைய மருத்துவப் பதிவில் தங்கிவிடும். அடுத்த டாக்டரும் அதை நம்பித்தான் மருந்து எழுதுவார். எனக்கு உறுத்துவது ஆடிட் மதிப்பெண் அல்ல, இதுதான்.

திரும்பி வந்த சார்ட்டை இன்னொரு முறை திற. நுரையீரல் டாக்டரின் குறிப்பு இருக்கிறதா பார். இல்லையென்றால் சிகிச்சை தரும் டாக்டருக்குக் குவெரி அனுப்பு. "எம்ஃபிசிமாதானே?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. சி.டி.யில் கண்டதையும் ஸ்பைரோமெட்ரி எண்களையும் எடுத்து எழுதி, "இவற்றுக்குரிய நோய் என்ன, அல்லது தீர்மானிக்க இயலவில்லையா?" என்று கேள். பதில் வரும்வரை அந்த சார்ட்டை முடிக்காதே.

அன்புடன்,
சித்தி