ஜிஹாதும் உடன்படிக்கையும்

 

ஆம்பூரில் இஷாவுக்குப் பின் நடைபெறும் பாடம் முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்த நேரம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் மட்டும் தூணருகே தயங்கி நின்றார். அருகே அழைத்தபோது தம் கைப்பேசியில் வந்திருந்த ஒரு படத்தைக் காட்டினார். காஷ்மீர் மலைகளின் பின்னணியில் ஆயுதம் ஏந்திய சில இளைஞர்கள்; பின்னால் ஒரு பேச்சுக் குரல். "ஹஜ்ரத், கஸ்வத்துல் ஹிந்துன்னு சொல்றாங்களே, அது ஹதீஸ்லே இருக்குதா இல்லையா? இருக்குதுன்னா நாம ஏன் சும்மா உட்கார்ந்திருக்கோம்?" என்று கேட்டார்.

அவரை நாம் கடிந்து கொள்ளவில்லை. அவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார். கேட்காமல் மனத்திலேயே வைத்துப் புழுங்குகிறவர்கள் எத்தனை பேரோ! ஆகவே அவருக்கு நாம் கூறிய விடையை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறோம்.

காஷ்மீருக்குள் வந்தது எது?

1947இல் தொடங்கிய காஷ்மீர்த் தகராறு, 1949 ஜனவரி 1இல் போர் நிறுத்தம் ஏற்பட்ட பின்பும் தீரவில்லை. அந்நிலத்தின் ஒரு பகுதி இந்தியாவிடமும், ஒரு பகுதி பாகிஸ்தானிடமும், வேறொரு பகுதி சீனாவிடமும் இருக்கின்றன. இது அரசுகளுக்கு இடையிலான வழக்கு. 1987 சட்டமன்றத் தேர்தலில் பெரும் முறைகேடு நடந்ததென்ற கசப்பு பள்ளத்தாக்கில் பரவியது. 1988இல் துப்பாக்கி எடுத்த ஜம்மு காஷ்மீர் விடுதலை முன்னணியினர் கேட்டது தனி நாடு. அவர்களது முழக்கம் தேசியம்.

1989 பிப்ரவரியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறின. அந்தப் போரில் பழகிய ஆட்களும் ஆயுதங்களும் அடுத்த களம் தேடின. அதே ஆண்டில் ஹிஸ்புல் முஜாஹிதீன் தோன்றியது. பின்னர் ஹர்கத்துல் அன்ஸார், லஷ்கரே தய்யிபா போன்றவை எல்லை தாண்டி வந்தன. 2000இல் ஜைஷே முஹம்மத் உருவாயிற்று. 2017இல் அல்காயிதாவின் நிழலில் ஸாக்கிர் மூஸா என்பவர் தம் குழுவுக்கு 'அன்ஸார் கஸ்வத்துல் ஹிந்த்' என்று பெயர் சூட்டினார். அவர் 2019 மே மாதம் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் ஐ.எஸ். கூட்டத்தாரும் 'ஹிந்த் விலாயத்' என்று ஒன்றை அறிவித்தார்கள். இவ்வாறு ஒரு நிலத்தின் வழக்கு, படிப்படியாக மார்க்கத்தின் போர் என்று பெயர் மாற்றப்பட்டது.

அந்தப் போர் யாரைக் கொன்றது என்று பாருங்கள். 1990இல் பண்டிதர்கள் அஞ்சி ஊரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டு மே 21இல் ஸ்ரீநகரின் மீர்வாயிஸ் மௌலவி முஹம்மத் ஃபாரூக் அவர்கள் தம் வீட்டிலேயே சுடப்பட்டார்கள். 1994 ஜூனில் தென் காஷ்மீரின் மீர்வாயிஸ் காஜி நிஸார் அஹ்மத் அவர்கள் கொல்லப்பட்டார்கள். 1995 மே மாதம், ஆயுதக் குழுவினர் புகுந்து தங்கியிருந்த சராரே ஷரீஃபில், ஷைகு நூருத்தீன் வலீ (ரஹ்) அவர்களின் பழம்பெரும் தர்கா மோதலின் நடுவே தீக்கிரையாயிற்று. 2011 ஏப்ரல் 8இல் ஜம்இய்யத்து அஹ்லே ஹதீஸ் தலைவர் மௌலானா ஷௌகத் அஹ்மத் ஷாஹ் அவர்கள், ஜும்ஆவுக்கு வந்த பள்ளிவாசல் வாயிலிலேயே குண்டுக்குப் பலியானார்கள். 2018இல், ரமளான் நோன்பு திறக்கும் வேளையை ஒட்டி, பத்திரிகை ஆசிரியர் ஷுஜாஅத் புகாரீ சுட்டுக் கொல்லப்பட்டார். 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். சுற்றுலா வந்தவர்களைக் காக்க முயன்ற உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர் ஒருவரும் அவர்களில் அடங்குவார்.

மார்க்கத்தைக் காக்க வந்தோம் என்றவர்களின் காலத்தில் மார்க்க அறிஞர்களே மிம்பர்களிலிருந்து அகற்றப்பட்டார்கள். "இது மார்க்கமா?" என்று கேட்கக் கூடிய நாவு ஆலிமின் நாவு அல்லவா?

அந்த ஹதீஸ் பற்றி

இனி, வாலிபர் கேட்ட ஹதீஸைப் பார்ப்போம். ஆம், அத்தகைய அறிவிப்பு உண்டு. மறைப்பது நமது வேலையன்று. ஆனால் அது புகாரீயிலோ முஸ்லிமிலோ இல்லை. நஸாயீ, முஸ்னத் அஹ்மத் ஆகிய நூல்களில் வருகிறது. ஸவ்பான் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில், ஹிந்தில் போரிடும் ஒரு கூட்டமும், ஈஸா (அலை) அவர்களுடன் இருக்கும் ஒரு கூட்டமும் நரகிலிருந்து காக்கப்படும் என்ற கருத்து உள்ளது. இதை ஏற்கத்தக்கதென்று கூறிய அறிஞர்கள் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் பெயரால் வரும் மற்றோர் அறிவிப்பின் தொடரில் ஜப்ர் பின் அபீதா என்பவர் இருக்கிறார். அவர் யாரென்று அறியப்படவில்லை எனக் கூறி, இமாம் தஹபீ (ரஹ்) போன்றோர் அதனைத் தள்ளியுள்ளனர்.

சரி, ஸவ்பான் (ரலி) அவர்களின் அறிவிப்பை ஏற்றுக் கொள்வோம். அது முன்னறிவிப்பு. முன்னறிவிப்பு வேறு, கட்டளை வேறு. கியாமத்தின் அடையாளங்களாக எத்தனையோ காரியங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றை நாம் கிளம்பிச் சென்று நடத்தி வைக்க வேண்டுமென்று எந்த இமாமும் கூறவில்லை. மேலும், இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தமது வரலாற்று நூலில் இந்த முன்னறிவிப்பைக் கூறுமிடத்தில், முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் ஹிஜ்ரி 44இல் நடந்த படையெடுப்பையும், பின்னர் கஸ்னி மஹ்மூதின் படையெடுப்புகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். நடந்து முடிந்த வரலாற்றோடு ஓர் இமாம் சேர்த்துப் பேசியதை, பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு குழு தன் பெயர்ப் பலகையாக மாட்டிக் கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

ஷரீஅத்தின் தீர்ப்பு

நம் ஊர்க்காரர்களுக்குத் தோலின் சட்டம் சொல்லித் தர வேண்டியதில்லை. செத்த ஆட்டின் தோல் நஜீஸ். பதனிட்டால் சுத்தமாகும். பதனிடாத தோலின் மேல் எவ்வளவு உயர்ந்த கம்பெனியின் முத்திரையைக் குத்தினாலும் அது சுத்தமாகாது. போரும் இப்படித்தான். மனித உயிரைப் பறிப்பது அடிப்படையில் ஹராம். ஷரீஅத் விதித்த நிபந்தனைகள் நிறைவேறினாலன்றி, 'ஜிஹாத்' என்ற முத்திரையால் அது ஹலாலாகி விடாது.

முதல் நிபந்தனை, அதிகாரம். இமாம் கேடயமாவார், அவருக்குப் பின்னால் நின்றே போரிடப்படும் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. போரை அறிவிப்பதும் நிறுத்துவதும் ஆட்சியாளரின் பொறுப்பு. காட்டில் கூடிய பத்துப் பேரோ, கைப்பேசியில் பேசும் ஒருவரோ அதற்கு உரிமையுடையவர் ஆகார்.

இரண்டாவது நிபந்தனை, போரிடாதவர்களைத் தொடக்கூடாது. ஒரு போர்க்களத்தில் பெண்ணொருத்தி கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வெறுத்து, பெண்களையும் சிறுவர்களையும் கொல்வதைத் தடை செய்தார்கள். உடன்படிக்கையில் இருப்பவரைக் கொன்றவன் சுவனத்தின் வாடையைக் கூட நுகரமாட்டான் என்றும் எச்சரித்தார்கள். பெயரைக் கேட்டு, மதத்தைக் கேட்டுச் சுடுவது எந்தக் கிதாபிலும் இல்லை.

மூன்றாவது நிபந்தனை, அஹ்து எனும் உடன்படிக்கை. நம் வாலிபர்கள் நன்றாக மனத்தில் பதிய வைக்க வேண்டியது இதுவே. ஸூரத்துல் அன்ஃபாலின் 72ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். தொலைவிலுள்ள முஃமின்கள் மார்க்க விஷயத்தில் உதவி கேட்டால் உதவுவது கடமை என்று கூறும் அல்லாஹ், உடனேயே ஒரு விலக்கையும் வைக்கிறான்: உங்களுக்கும் எந்தச் சமூகத்தாருக்கும் இடையே உடன்படிக்கை இருக்கிறதோ, அவர்களுக்கு எதிராக அந்த உதவி கூடாது என்கிறான். சகோதரன் துன்புறுகிறான் என்பது உண்மையாக இருந்தாலும், கொடுத்த வாக்கு முறிவதில்லை.

பத்ருப் போருக்கு முன் ஹுதைஃபா (ரலி) அவர்களையும் அவர்களின் தந்தையையும் குறைஷியர் வழிமறித்து, போரிடமாட்டோம் என்று வாக்கு வாங்கிய பிறகே விட்டார்கள். முஸ்லிம்களோ சுமார் 313 பேர். ஒவ்வொரு கையும் தேவைப்பட்ட நாள். அப்படியிருந்தும் நபி (ஸல்) அவர்கள் இருவரையும் திருப்பி அனுப்பி, வாக்கை நிறைவேற்றச் சொன்னார்கள். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் அபூஜன்தல் (ரலி) அவர்கள் விலங்கோடு தப்பி வந்து விழுந்தார்கள். தோழர்களின் உள்ளம் கொதித்தது. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை. பொறுமை கொள்ளும்படியும், அல்லாஹ் வழி பிறப்பிப்பான் என்றும் கூறித் திருப்பி அனுப்பினார்கள்.

"அபூபஸீர் (ரலி) கடற்கரையில் தனிக் கூட்டம் சேர்த்தாரே!" என்று சிலர் வாதிடுவதுண்டு. அவர்கள் மதீனாவின் ஆட்சிக்குள் இருந்து கொண்டு அப்படிச் செய்யவில்லை. மதீனா அவர்களை அனுப்பவுமில்லை. ஒப்பந்தப்படி ஒப்படைக்கவே செய்தது. பின்னர் நபி (ஸல்) அவர்கள் அழைத்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. ஓர் ஆட்சியின் குடிமகனாக இருந்து கொண்டே அதன் மக்களைக் கொல்வதற்கு இதில் ஆதாரம் எங்கே?

நம் நிலை என்ன? 1950 ஜனவரி 26இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் கீழ், நாம் குடிமக்களாகவும் வாக்காளர்களாகவும் வாழ்கிறோம். நம் பள்ளிவாசல்களில் பாங்கு ஒலிக்கிறது, மத்ரஸாக்கள் நடக்கின்றன. குறைகள் உண்டு, அவற்றைக் கேட்க நீதிமன்றமும் உண்டு. இதற்குமேல் ஒருவர், "இது தாருல் ஹர்ப்" என்று வாதிட்டாலும் அவருக்கு வழியில்லை. நமது மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவின் கிதாபுஸ் ஸியரில், தாருல் ஹர்புக்கு வியாபாரியாகச் செல்லும் முஸ்லிம் அங்குள்ளவர்களின் பொருளையோ உயிரையோ தீண்டக்கூடாது, தீண்டினால் அது மோசடி என்று தீர்ப்பளிக்கப்பட்டுள்ளது. சரக்கு விற்க நாலு நாள் போன வியாபாரிக்கே இந்தச் சட்டம் என்றால், பிறந்து வளர்ந்து பாஸ்போர்ட்டும் ரேஷன் கார்டும் வாங்கிக் கொண்டிருப்பவருக்கு?

1948இல் மௌலானா மௌதூதி அவர்கள் பாகிஸ்தானிலேயே இக்கருத்தைக் கூறினார்கள். இந்தியாவுடன் ஒப்பந்த உறவு வைத்துக் கொண்டே மறைமுகமாகக் காஷ்மீருக்கு ஆள் அனுப்புவது ஷரீஅத்தில் செல்லாது என்றார்கள். அவர்களோடு நமக்குள்ள கருத்து வேறுபாடுகள் வேறு. இந்த இடத்தில் ஆதாரம் அவர்கள் பக்கம் இருந்தது. 2008 பிப்ரவரியில் தேவ்பந்தில் கூடிய உலமாக்களும் அப்பாவிகளைக் கொல்லும் பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று தெளிவாக அறிவித்தார்கள்.

அப்படியானால் நமது கடமை?

வாலிபர் இறுதியாக ஒன்று கேட்டார்: "அப்போ காஷ்மீர்க்காரங்க படுற கஷ்டம் பொய்யா, ஹஜ்ரத்?" பொய்யில்லை, தம்பி. 2000 மார்ச்சில் பத்ரிபலில் ஐவர் கொல்லப்பட்டது போலி மோதல் என்று மத்தியப் புலனாய்வுத் துறையே குற்றப்பத்திரிகையில் கூறியது. காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் அங்கே இருக்கிறார்கள். அநீதியை அநீதி என்று சொல்வது மார்க்கம். அவர்களுக்காகத் துஆச் செய்வது, சட்டத்துக்கு உட்பட்டுக் குரல் கொடுப்பது, வெளிப்படையான வழியில் உதவுவது, படிக்கவும் சால்வை விற்கவும் நம் ஊருக்கு வரும் காஷ்மீரிகளைச் சந்தேகக் கண்ணால் பாராமல் சகோதரராக நடத்துவது ஆகிய வாசல்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஆனால் அநீதிக்குப் பதிலாக நாம் வாக்கை முறித்தால், இழப்பது நமது தீனை.

பெற்றோர்களே, முத்தவல்லிகளே! இந்த நஞ்சு உர்தூவிலோ அரபியிலோ மட்டும் வருமென எண்ண வேண்டாம். 2019 ஏப்ரல் 21இல் இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வைத்து 260 பேருக்கு மேல் கொன்ற கூட்டத்தின் தலைவர் ஸஹ்ரான், தமிழிலேயே பயான் செய்தவர். அடுத்த மாதமே அங்குள்ள முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவரின் குற்றத்துக்கு ஊரே விலை கொடுத்தது. ஆகவே பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டி அனுப்பாதீர்கள். வீட்டில் அதட்டினால், விடை சொல்ல வேறொருவர் கைப்பேசியில் காத்திருக்கிறார். மஹல்லாவின் ஆலிமிடம் அழைத்து வாருங்கள். வாலிபர்களே! இத்தகைய படம் வந்தால் பிறருக்கு அனுப்பாதீர்கள். கிதாபைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த வாலிபர் அடுத்த வாரமும் பாடத்துக்கு வந்தார். தம்முடன் வேலை செய்யும் இருவரையும் அழைத்து வந்தார்.

வல்ல அல்லாஹ், கொடுத்த வாக்கைக் காக்கும் கூட்டத்தில் நம்மைச் சேர்த்து, காஷ்மீர் மக்களுக்கு அமைதியையும் நீதியையும் தந்து, நம் பிள்ளைகளை எல்லா ஃபித்னாவிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.