அரேபியா எங்கும் ஓடிவிடாது

அன்பு மருமகனுக்கு,

ஸ்காபரோவிலிருந்து மாமா எழுதிக்கொள்வது. நிலாவெளியில் சுழியோடப் பழகி, புறாத்தீவுப் பவளப்பாறைகளையும் பார்த்துவிட்டு வந்திருக்கும் மருமகன், இந்தக் கோடையில் சிநேகிதர்களோடு டோபர்மோரிக்குப் போய் நேரே, அங்கே தாண்டு கிடக்கும் ‘அரேபியா’ கப்பலில் இறங்கப் போகிறார் என்று மாமி சொன்னா. போகட்டும், நல்ல இடம்தான். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பதில் மாமாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய நாலு மணிநேர ஓட்டம். புரூஸ் தீபகற்பத்தின் நுனியில், ஹியூரோன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் கூடும் இடத்தில் இருக்கிறது டோபர்மோரி. கனடா தன் முதலாவது தேசியக் கடற்பூங்காவான ‘ஃபாதம் ஃபைவ்’வை 1987 இல் அமைத்தது கடலில் அல்ல, இந்த நன்னீரில். இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதற்குள் கிடக்கின்றன. திருகோணமலைப் பக்கம் ஒரு மரக்கப்பல் தாண்டால், மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு அதை விட்டுவைக்காது. அந்தப் புழுவுக்கு உப்புநீர் வேண்டும். ஏரியில் அது பிழைக்காது. குளிரும் சேர்ந்து காப்பதால், நூறு வருடத்துக்கு மேற்பட்ட பலகைகள் இன்னும் பலகையாகவே இருக்கின்றன.

மருமகன் முதலில் பார்க்க வேண்டியது ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’. 1867 இல் ஒன்ராறியோவின் பேர்லிங்டனில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. 1885 ஓகஸ்ட்டில் கோவ் தீவருகே அடிபட்டது. பிக் டப் துறைமுகத்துக்கு இழுத்து வந்தும் பயனில்லை, செப்டெம்பரில் அங்கேயே தாண்டுபோனது. ஏற்றிவந்த நிலக்கரியை எடுத்துக்கொண்டு கப்பலை விட்டுவிட்டார்கள். 36 மீற்றர் நீளமுள்ள உடல் இப்போது ஆறு மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலி சுற்றும் உருளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெயில் நாளில் தளப்பலகைகளின் இடுக்குகளால் வெளிச்சம் கீற்றுக் கீற்றாக உள்ளே இறங்கும். வெளியே நின்று பார்த்தால் போதும். உள்ளே புகுந்தவர் விடும் காற்றுக்குமிழிகள் தளத்தின் அடியில் சேர்ந்து பலகைகளை மேலே தள்ளும். அந்தக் கிழட்டு மரம் அதைத் தாங்காது. கண்ணாடி அடித்தளப் படகுகளும் அங்கே வந்துபோகும், ஆகவே எந்த நேரத்தில் இறங்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு மீற்றர்தானே என்று இளந்தாரிகள் உதட்டைச் சுழிப்பதை மாமா கண்டிருக்கிறார். அங்கேதான் எடைக்கணக்கு படிக்கலாம். கடல்நீரைவிட நன்னீர் இரண்டரை வீதம் அடர்த்தி குறைந்தது. ஆளும் சாமானும் சேர்ந்து நூறு கிலோ என்றால், கடலில் கட்டிய ஈயத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோவை ஏரியில் கழற்ற வேண்டும். இது பாதிக் கணக்கு. நிலாவெளியின் 28 பாகைத் தண்ணீருக்குப் போட்ட மெல்லிய உடை இங்கே உதவாது. ஏழு மில்லிமீற்றர் உடை, தொப்பி, கையுறை எல்லாம் மேலே தூக்கும். அதற்கு ஈயம் கூட்ட வேண்டும். போதாததற்கு ஆழத்தில் அந்த உடை நசுங்கி மெலியும், குளிர் கூடிய இடத்தில்தான் அது சூடு காப்பதையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே பழைய எண்ணை மறந்துவிட்டு, சிலிண்டர் வெறுமையாகும் தறுவாயில், வழமையாக மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, கண் மட்டத்தில் மிதக்கிற அளவுக்கு ஈயத்தைச் சரிபார்க்க வேண்டும். அதை ஆழத்தில் போய்ச் செய்ய முடியாது.

அடுத்தது குளிர். தண்ணீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தி. அதனால் கோடையிலும் அந்தக் குளிர்நீர் அடியிலேயே தங்கிவிடும். மேலே நீந்திக் குளிக்கலாம் போலிருக்கும். கொஞ்சம் இறங்கினால், கோடு கிழித்தாற்போல் ஓரிடத்தில் முகம் விறைக்கும். அந்தக் குளிரில், மூச்சுக்குக் காற்றை அளந்து தரும் ரெகுலேற்றரும் ஒரு பிரச்சினை. சிலிண்டரிலிருந்து விரியும் காற்று தானே குளிர்ந்து, சுற்றியுள்ள நன்னீரை உறையவைக்கும். பனி பிடித்தால் வால்வு மூடாமல் காற்று கொட்டத் தொடங்கும். அரேபியா கிடக்கும் 34 மீற்றரில் இது நடந்தால் முழுச் சிலிண்டரும் சில நிமிடங்களில் காலி. குளிர்நீருக்கென்று மூடிச் செய்த ரெகுலேற்றரைத்தான் வாடகைக்குக் கேட்க வேண்டும். கடைக்காரர் எதைத் தந்தாலும் வாங்கி மாட்டிக்கொள்வது கூடாது.

இனி அரேபியா. 1853 இல் கிங்ஸ்ரனில் கட்டியது. 1884 ஒக்ரோபரில் சோளம் ஏற்றிவந்தபோது எக்கோ தீவருகே தாண்டது. மாலுமிகள் தப்பினார்கள். 1971 இல்தான் கண்டுபிடித்தார்கள். சுக்கானும் நங்கூரங்களும் இன்னும் இருக்கின்றன, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கிடப்பது 34 மீற்றரில். அங்கே சுழியோடிகள் உயிரிழந்திருக்கிறார்கள். மருமகனின் சான்றிதழ் 18 மீற்றருக்கு. அதற்கு அடுத்தது கூட 30 வரைதான். 34 மீற்றரில் ஒவ்வொரு மூச்சும் மேலே விடுவதைப்போல நாலு மடங்குக்கு மேல் காற்றைத் தின்னும். நைட்ரஜன் மூளையை மந்தமாக்குவதும் ஏறக்குறைய 30 மீற்றரில் தெரியத் தொடங்கும். விறைத்த விரலோடு அளவுமானியைப் பார்க்கிறவருக்கு குளிர், காற்றுச் செலவு, மந்தம் மூன்றும் சேர்ந்தே வரும்.

ஆகவே இந்த வருடம் ஸ்வீப்ஸ்டேக்ஸும், 1901 புயலில் சிக்கி ஒன்பது மீற்றருக்குள் கொதிகலனோடு கிடக்கும் ‘வெட்மோர்’உம் போதும். 1999 இல் சுழியோடிகளுக்காகவே தாழ்த்திய ‘நயாகரா 2’, மேற்படிப்பு முடித்த பிறகு. சிநேகிதர்கள் கேலி செய்தால், மாமா தடுத்துவிட்டார் என்று சொல்லலாம். பழி சுமக்க மாமாவுக்குப் பஞ்சியில்லை.

தண்ணீரில் கால் வைக்குமுன் பூங்கா அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிவு செய்து அடையாள வில்லை வாங்க வேண்டும். அடியிலிருந்து ஒரு ஆணியைக்கூட எடுத்து வரக்கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கரையேறியதும் உடை, ரெகுலேற்றர், மிதவைச்சட்டை எல்லாவற்றையும் கழுவி, வடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே வேறு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1980களின் கடைசியில் பேரேரிகளுக்குள் நுழைந்த வரிச்சிப்பிகள் கப்பல்களில் அப்பிக்கிடக்கின்றன. அவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈரத்தோடு ஒட்டிவரும்.

தடித்த கையுறை இரண்டு சோடி எங்கள் நிலவறையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன் வந்து எடுத்துக்கொள்ளவும். மாமி சாப்பாட்டுக்கும் எதிர்பார்ப்பா.

அன்புடன்,
மாமா