எஞ்சின் எண்ணெயும் அதன் ஆயுட்காட்டியும்

நுழையும் முன்

கார், ஆட்டோ, பேருந்து என நாள்தோறும் பல ஊர்திகளில் பயணம் செய்கிறோம். அவற்றின் எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயை நாம் காண்பதில்லை. அந்த எண்ணெயை மாற்ற வேண்டிய காலத்தைச் சில கார்களில் ஒரு கருவியே அறிவிக்கிறது. அக்கருவி எவ்வாறு கணக்கிடுகிறது? அதனை எந்த அளவிற்கு நம்பலாம்? இப்பாடத்தில் அறிவோம்.

எண்ணெயின் பணி

ஓடும் எஞ்சினுக்குள் உலோக உறுப்புகள் இடைவிடாமல் சுழல்கின்றன. அவை ஒன்றோடொன்று நேரடியாக உரசாதவாறு, எண்ணெய் மெல்லிய படலமாக இடையில் நிற்கிறது. மேலும் அது வெப்பத்தை அகற்றுகிறது. கரியையும் நுண்துகள்களையும் சுமந்து சென்று வடிகட்டியில் சேர்க்கிறது. எண்ணெயில் கலந்துள்ள கூட்டுப்பொருள்கள் துருவையும் அமிலத்தையும் தடுக்கின்றன.

நாளடைவில் இக்கூட்டுப்பொருள்கள் தீர்ந்துபோகின்றன. மிகுந்த வெப்பத்தில் எண்ணெய் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து தடிக்கிறது. கசடு படிந்தால், எண்ணெய் செல்லும் நுண்வழிகள் அடைபடும். எண்ணெய் எட்டாத உறுப்புகள் விரைவில் தேயும். இறுதியில் எஞ்சின் இறுகி நின்றுவிடவும் கூடும். அதனைச் சீர்செய்யும் செலவு, எண்ணெய் மாற்றும் செலவைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. வாடகைக் கார் ஓட்டி வாழும் குடும்பத்திற்கோ, செலவோடு வருவாயும் நின்றுபோகும்.

கிலோமீட்டர் மட்டும் போதுமா?

இன்று பல கார்களின் கையேடுகள், ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முன்னர் வருகிறதோ அப்போது எண்ணெயை மாற்றுக’ என்று கூறுகின்றன. எளிய விதிதான். ஆயினும், ஒரே தொலைவு ஓடிய இரு கார்களின் எஞ்சின்கள் ஒரே அளவு உழைத்திருப்பதில்லை.

நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு காரின் எஞ்சின், நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,20,000 சுழற்சிகள். ஆகவே, ஒரு கிலோமீட்டருக்கு 1,500 சுழற்சிகள். நகர நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் மட்டுமே செல்லும் மற்றொரு கார், சராசரியாக நிமிடத்திற்கு 1,500 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 4,500 சுழற்சிகள். தொலைவு ஒன்றே, உழைப்போ மும்மடங்கு! சிவப்பு விளக்கில் நிற்கும்போது தொலைவுமானி நகராது. எஞ்சின் சுழல்வதோ நிற்காது.

குறுகிய பயணமும் எண்ணெயைக் கெடுக்கும். தில்லியின் குளிர்கால விடியலில் காரை எடுத்து, இரண்டு கிலோமீட்டர் சென்று நிறுத்திவிட்டால் எஞ்சின் நன்கு சூடேறாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து எண்ணெயில் கலக்கும்; எரியாத எரிபொருளும் சிறிது கலக்கும். நீண்ட பயணத்தில் இவை ஆவியாகி வெளியேறிவிடும். குறும்பயணத்தில் அதற்குக் காலம் போதாது.

கருவி கணக்கிடும் முறை

இச்சிக்கலை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 1980களில் ஆராய்ந்தனர். அவர்களுள் ஷெர்லி ஷ்வார்ட்ஸ், டொனால்டு ஸ்மோலென்ஸ்கி ஆகியோரின் எண்ணெய் மாற்றக் காட்டிக்கு 1988ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்டது.

அம்முறையின் அடிப்படை ஒரு கழித்தல் கணக்கே. புதிய எண்ணெய்க்கு இத்தனை சுழற்சிகள் என ஒரு வரம்பு வகுக்கப்படும். எஞ்சின் சுழலச் சுழல அவ்வரம்பு குறைந்துகொண்டே வரும். எண்ணெய் ஏற்ற வெப்பநிலையில் இருந்தால் சற்றே குறையும். மிகவும் குளிர்ந்தோ மிகவும் சூடாகவோ இருந்தால் விரைவாகக் குறையும். எஞ்சியிருப்பது விழுக்காடாகத் திரையில் தோன்றும். புதிய எண்ணெய்க்கு 100. ஹோண்டா கார்கள் பலவற்றில் 15 ஆகும்போது முதல் அறிவிப்பும், 5 ஆகும்போது அடுத்த அறிவிப்பும் வரும். வேறு சில கார்களில் எண்ணெயின் மின் இயல்பை அளக்கும் உணரியே பொருத்தப்பட்டுள்ளது.

கருவி அறியாதவை

கணக்கிடும் வகைக் கருவி எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் எவ்வாறு ஓடியது என்பதை அது அறியும். உள்ளே எண்ணெய் எவ்வளவு உள்ளது என்பதை அறியாது. கசிவினால் எண்ணெய் பாதியாகக் குறைந்திருந்தாலும் ‘60 விழுக்காடு’ என்றே காட்டக்கூடும். கையேட்டில் குறிப்பிடாத தரத்தில் எண்ணெய் ஊற்றினாலும் அதற்குத் தெரியாது.

மற்றொன்றும் உண்டு. எண்ணெயை மாற்றியதும் கருவியை மீண்டும் 100க்குக் கொண்டுவர வேண்டும். மாற்றிய பின் அதனைச் செய்ய மறந்தால், கருவி காலத்திற்கு முன்பே எச்சரிக்கும்; இழப்பு சிறிது. எண்ணெயை மாற்றாமலேயே 100க்குக் கொண்டுவந்தால், பழைய எண்ணெயைப் புதியது என்றே கருவி கருதும், இழப்பு பெரிது.

நாம் செய்யத்தக்கவை

1. கருவியின் அறிவிப்பு வந்ததும் காலம் தாழ்த்தாமல் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுதல்.
2. கார் குறைவாகவே ஓடினாலும் கையேடு கூறும் கால வரம்பை மீறாதிருத்தல்.
3. எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, சமதளத்தில், ‘டிப்ஸ்டிக்’ எனப்படும் அளவுக்கம்பியால் எண்ணெயின் அளவைப் பார்த்தல். அது இரு குறிகளுக்கும் இடையில் இருத்தல் வேண்டும்.
4. பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதிருத்தல். இந்திய விதிகளின்படி அது தீங்கு விளைக்கும் கழிவு. மறுசுழற்சிக்கே செல்ல வேண்டும்.

கருவி கணக்கில் வல்லது. ஆயினும், அதன் கணக்கு மெய்யாக இருப்பது, உள்ளே சரியான எண்ணெய் சரியான அளவில் இருக்கும்வரைதான். அதனைப் பார்த்து உறுதி செய்வது மனிதரின் கடமை.

சொல்லும் பொருளும்

உராய்வு – ஒன்றோடொன்று உரசுதல்
கசடு – அடியில் தங்கும் அழுக்கு
உணரி – மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் கருவி
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்

இலக்கணம் அறிக

அறியாது, நகராது, நிற்காது – இவை ஒன்றன்பால் எதிர்மறை வினைமுற்றுகள்.
(எ.கா.) அறியும் × அறியாது
சூடேறும், தெரியும், குறையும் ஆகியவற்றை இவ்வாறு மாற்றி எழுதுக.

பயிற்சி

1. குறும்பயணம் எண்ணெயை எவ்வாறு கெடுக்கிறது?
2. நிமிடத்திற்கு 800 முறை சுழலும் எஞ்சின், நெரிசலில் நின்றபடியே அரை மணி நேரம் ஓடினால் எத்தனை சுழற்சிகள் ஆகும்? அப்போது கார் சென்ற தொலைவு எவ்வளவு?
3. எண்ணெயை மாற்றாமல் கருவியை 100க்குக் கொண்டுவருவது ஏன் தீங்கானது?
4. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஊர்தி ஓட்டும் ஒருவரிடம், எண்ணெய் மாற்றும் காலத்தை அவர் எவ்வாறு அறிகிறார் எனத் தமிழில் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.