இணையத்தில் தியானம் பழக வரும் பிள்ளைகளுக்கு

மௌனத்தில் கடவுளோடு இருக்கப் பழகும் ஆசை உங்களில் பலருக்கு வந்திருப்பதில் எனக்கு நிறைவான மகிழ்ச்சி. கற்றுத்தரும் ஆட்கள் பக்கத்தில் இல்லாததால் இணையத்துக்குப் போகிறீர்கள், அதில் தவறில்லை. அயர்லாந்து இயேசு சபையினர் 1999-ல் தொடங்கிய 'சேக்ரட் ஸ்பேஸ்' என்ற செபத் தளம் போன்ற நல்ல பணிகள் அங்கே உண்டு. ஆனால் எல்லாமே அப்படி அல்ல. எதையும் பின்பற்றத் தொடங்குமுன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

1. கற்றுத்தருபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? எந்தச் சபை, எந்த மறைமாவட்டம், தவறு நடந்தால் யாரிடம் முறையிடலாம் என்று தேடுங்கள். பெயரும் முகவரியும் இல்லாத இடத்தில் உங்கள் உள்ளத்தைத் திறக்காதீர்கள்.

2. முறை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறாரா? 'சென்டரிங் ப்ரேயர்' என்ற மௌன செப முறை 1970-களில் அமெரிக்காவின் ஸ்பென்சர் மடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகள் வடிவமைத்தது. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல் ஒன்று அதற்கு அடிப்படை. ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஜான் மெயின், தாம் தியானத்தை முதலில் மலாயாவில் ஓர் இந்துத் துறவியிடம் கற்றதாகவும், பிறகே அதைப் பழங்காலத் துறவி காசியானின் எழுத்தில் கண்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அவர் முறையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு. மூலத்தைச் சொல்பவரோடு வாதிடலாம்; 'ஆதித் துறவிகளின் இரகசியம்' என்று மட்டும் சொல்பவரோடு வாதிடவும் முடியாது.

1989-ல் கர்தினால் இராட்சிங்கர் கையொப்பமிட்டு வத்திக்கான் வெளியிட்ட கிறிஸ்தவத் தியானம் பற்றிய மடலை நீங்களே படியுங்கள். பிற சமய முறைகளை அது மொத்தமாகத் தள்ளவில்லை. உடலில் தோன்றும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கிறது. எல்லாம் பேய்வேலை என்பவர்களும், எல்லாம் ஒன்றுதான் என்பவர்களும் அந்த மடலை முழுதாகப் படிக்க விட மாட்டார்கள்.

3. இயேசு எங்கே இருக்கிறார்? முன்னேறிய ஆன்மாக்கள் மனிதரான இயேசுவை நினைப்பதை விட்டுவிட வேண்டும் என்ற போதனையை அவிலாவின் தெரேசா கடுமையாக எதிர்த்தார். 1577-ல் எழுதிய 'உள்ளக் கோட்டை'யிலும் அதையே வலியுறுத்தினார். நற்செய்தி வாசகத்தைத் தொடக்கநிலைப் பாடமாக்கி, பிறகு ஓரங்கட்டும் தளத்தை நான் நம்ப மாட்டேன்.

4. அவசரப்படுத்துபவரைத் தவிருங்கள். சிந்தித்துத் தியானிப்பதை விட்டு எப்போது மௌனத்துக்குப் போகலாம் என்பதற்குச் சிலுவையின் யோவான் மூன்று அடையாளங்கள் தந்தார்: பழையபடி சிந்திக்க முடியாமை, வேறு எதையும் மனம் நாடாமை, கடவுள்மேல் அன்போடு சும்மா இருக்கும் விருப்பம். மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஏனென்றால் முதல் இரண்டும் வெறும் மனச்சோர்விலும் வரும் என்பதை 16-ஆம் நூற்றாண்டிலேயே அவர் அறிந்திருந்தார். ஆகவே நாலு கேள்வி கேட்டுவிட்டு, 'நீங்கள் யோவான் சொன்ன ஆன்மாவின் இருண்ட இரவில் இருக்கிறீர்கள்' என்று ஒரு காணொளி சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

5. இரகசியம் கேட்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். இதை நான் மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன். பிரான்சில் தோமா பிலிப் என்ற டொமினிக்கன் குரு, ஆழ்ந்த இறையனுபவம் என்ற பெயரில் பெண்களைப் பாலியல்ரீதியாகச் சீரழித்தார். உரோமை 1956-ல் அவரைத் தண்டித்தது. காரணம் அப்போது வெளியே வரவில்லை. அவருடைய சீடர் ழான் வானியே 1964-ல் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான 'லார்ஷ்' அமைப்பைத் தொடங்கி, உலகமே புனிதராக மதிக்கும் அளவுக்கு உயர்ந்தார். அவரும் ஆன்ம வழிகாட்டுதலின் போர்வையில் பெண்களிடம் அதே வழியில் நடந்திருந்தார் என்பதை, அவர் இறந்த மறு ஆண்டு, 2020-ல், அந்த அமைப்பே விசாரணை நடத்தி வெளியிட்டது. இத்தனைக்கும் இவர்கள் நேரில் பழகிய, பலர் அறிந்த மனிதர்கள். முகம் தெரியாத ஒருவர் தனிச் செய்தியில், 'இந்த அருள் உனக்கு மட்டும், யாரிடமும் சொல்லாதே' என்றால் மறுபேச்சு வேண்டாம். அதை அப்படியே பாதுகாத்து, நீங்கள் நம்பும் ஒருவரிடம் அன்றே காட்டுங்கள்.

6. பயிற்சிக்குக் கட்டணம் கேட்பது குற்றமல்ல. அடுத்த 'நிலை'க்கு அடுத்த கட்டணம் என்றால் வெளியே வாருங்கள்.

7. சில மாதம் கழித்து உங்கள் வீட்டாரைக் கேளுங்கள்: என் கோபம் குறைந்திருக்கிறதா, பொறுமை கூடியிருக்கிறதா? திருப்பலிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நீங்கள் தூரமாகியிருந்தால், எவ்வளவு இனிய அனுபவம் கிடைத்திருந்தாலும் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள்.

8. நேரில் ஒருவரைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் குளித்தலை அருகே 1950-ல் தொடங்கிய சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமத்துக்குப் போய்வரலாம். அங்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். அல்லது உங்கள் பங்குத்தந்தையிடமோ பக்கத்துக் கன்னியர் மடத்திலோ, ஆன்ம வழிகாட்டுதல் தருபவர் யார் என்று இந்த ஞாயிறே விசாரியுங்கள்.