சாமான் லொறியும் மலைப் பாதையும்: இறக்கத்துக்கு முன் சரியான கியர்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த கடும் மழையாலும் மண்சரிவாலும் மாத்தளை மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பாதுகாப்பு நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்த நீங்கள், திரும்பிச் செல்லலாம் என்ற அறிவித்தல் கிடைத்ததும் முதலில் தேடுவது ஒரு லொறியைத்தான். மீட்டெடுத்த அலுமாரி, கட்டில், பாத்திரங்கள், புதிதாகக் கிடைத்த தகரம், சீமெந்து எல்லாம் அதில்தான் போக வேண்டும்.

எமது மாவட்டத்தில் அந்த லொறிக்குச் சமதரை மட்டும் கிடைக்காது. கண்டியிலிருந்து வரும் ஏ9 வீதியில் பலகடுவ இறக்கம் இருக்கிறது. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஊடாக இலுக்கும்புர செல்லும் பாதையிலும், எல்கடுவைக்கு ஏறும் பாதையிலும் முடக்குகள் அதிகம். தோட்டப் பாதைகள் இவற்றையும் விடக் குறுகலானவை.

லொறி ஓட்டுபவர், ஓட்டப் பழகும் இளைஞர், லொறியை வாடகைக்கு அமர்த்தும் குடும்பம் ஆகிய மூவருக்காகவும் இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இறக்கத்துக்குரிய கியரை, இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

கியர் என்ன செய்கிறது?

எஞ்சின் சுற்றும் வேகத்துக்கும் சில்லு சுற்றும் வேகத்துக்கும் இடையில் நின்று பங்கு பிரிப்பதே கியர் பெட்டியின் வேலை. முதலாம், இரண்டாம் கியர்களில் எஞ்சின் பல தடவை சுற்றினால்தான் சில்லு ஒரு தடவை சுற்றும். அதனால் வேகம் குறையும், இழுவை கூடும். ஐந்தாம், ஆறாம் கியர்களில் வேகம் கூடும், இழுவை குறையும்.

ஏற்றத்தில் எஞ்சின் சில்லைத் தள்ளுகிறது. இறக்கத்தில் சுமைதான் லொறியைத் தள்ளுகிறது. அப்போது எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சில்லு எஞ்சினைச் சுற்ற வைக்க வேண்டியிருக்கும். எஞ்சின் அதற்கு எதிர்ப்புக் காட்டும். கியர் குறையக் குறைய இந்தப் பிடிப்பு கூடும். இதைத்தான் சாரதிமார் "எஞ்சின் பிரேக்" என்கிறார்கள்.

ஏற்றத்தில்

1. எஞ்சின் திணறும்வரை காத்திருக்க வேண்டாம். சத்தம் கனக்கத் தொடங்கியதுமே ஒரு கியர் குறையுங்கள்.
2. முடக்குக்கு முன்பே கியரை மாற்றுங்கள். முடக்கின் நடுவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.
3. ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கிளட்சைப் பாதி அழுத்தியபடி லொறியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் பிளேட் கருகிவிடும்.
4. குறுகிய பாதையில் ஏறிவரும் வாகனத்துக்கு இறங்கிவரும் வாகனம் இடம் கொடுப்பதே மலைநாட்டு வழக்கம். சுமையோடு ஏறும் லொறி நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம்.

இறக்கத்தில்

மொத்தம் 5 தொன் நிறையுள்ள ஒரு லொறி 100 மீற்றர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமானால், சுமார் 15 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்த வெப்பம் அநேகமாக முழுவதும் பிரேக் டிரம்களுக்குள்தான் போகும். டிரம் சூடேறி விரிந்ததும் பிரேக் பிடி தளரும். பெடல் கீழே போகும், லொறி நிற்காது. சரியான கியரில் இறங்கினால் அந்தச் சக்தியில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும்.

1. இறக்கத்தின் தலையில் லொறியை மெதுவாக்கி, கியரைக் குறையுங்கள். அதே பாதையில் அதே சுமையோடு ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ, இறங்குவதற்கும் அந்தக் கியர். பாதை ஈரமாகவோ சுமை அதிகமாகவோ இருந்தால் அதிலும் ஒன்று குறைவு.
2. காலை எக்ஸலேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். கிளட்சில் கால் வைக்க வேண்டாம். கிளட்சை அழுத்திய கணமே எஞ்சின் பிடிப்பு போய்விடும்.
3. வேகம் கூடினால் பிரேக்கை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுங்கள். இறக்கம் முழுவதும் பிரேக்கில் இலேசாகக் கால் வைத்தபடி வந்தால் டிரம் ஆற நேரம் கிடைக்காது.
4. எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள லொறியில் அதையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். சுமை இறக்கிவிட்டு வெறும் லொறியாகத் திரும்பும்போது, சேற்றுப் பாதையில் அது பின் சில்லுகளை வழுக்கச் செய்யலாம். அங்கே கவனம்.

"நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்" என்று சொல்பவர்கள் உண்டு. அது பிழையான கணக்கு. கியரில் இருக்கும் லொறி இறக்கத்தில் காலெடுத்து உருளும்போது எஞ்சினுக்கு டீசல் போவது அநேகமாக நின்றுவிடும். எஞ்சினைச் சுற்ற வைப்பது சில்லுதான். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிடுவது அதைவிட ஆபத்து. பிரேக்கின் பலமும் ஸ்டியரிங்கின் இலகுவும் அதோடு போய்விடும்.

இரட்டைக் கிளட்ச்

பழைய லொறிகளில் கியர் பற்கள் தாமாகவே வேகம் ஒத்துக்கொள்வதில்லை. புதியவற்றிலும் சுமை அதிகமானால் கியர் முரண்டு பிடிக்கும். குறைந்த கியருக்கு வரும்போது இப்படிச் செய்யுங்கள்:

1. பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள்.
2. கிளட்சை அழுத்தி, கியர் தடியை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.
3. கிளட்சை விட்டு, எக்ஸலேட்டரை ஒரு தடவை அழுத்தி எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.
4. உடனே கிளட்சை மீண்டும் அழுத்திக் குறைந்த கியரைப் போடுங்கள். வேகம் ஒத்திருந்தால் தடி தானாக விழும்.

கூடிய கியருக்குப் போகும்போதும் கிளட்சை இரு தடவை அழுத்தலாம். ஆனால் இடையில் எக்ஸலேட்டர் தேவையில்லை. இதையெல்லாம் முதலில் சமதரையில், வெறும் லொறியில், அனுபவமுள்ள சாரதி ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். கொள்கலன் இழுக்கும் பெரிய லொறிகள் பலவற்றில் கியர் தடியின் தலையில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அது கியர்களைத் தாழ்ந்த வரிசை, உயர்ந்த வரிசை என இரண்டாகப் பிரிக்கும். இறக்கத்தின் நடுவில் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது.

கியர் விழாவிட்டால், பிரேக் பிடிக்காவிட்டால்

இறக்கத்தில் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் தடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கண் பாதையில் இருக்கட்டும். உடனே பிரேக்கை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, அந்த வேகத்துக்குரிய கியரைப் போடுங்கள். விழாவிட்டால் லொறியை நிறுத்திவிட்டு முதலாம் கியரில் புறப்படுங்கள்.

கருகிய வாடை வந்தாலோ சில்லுப் பக்கம் புகை வந்தாலோ, சமமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சில்லுகளுக்குக் கட்டை அல்லது கல் வையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிரம் வெடிக்கலாம்.

பிரேக் முற்றாகப் போய்விட்டால் கியரை விட்டு வெளியே வராதீர்கள். ஹோர்னை அடித்து லைட்டைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாகப் பிடியுங்கள். வேறு வழியில்லை என்றால் பள்ளப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் லொறியை உரசவிட்டு நிறுத்துங்கள்.

லொறியை அமர்த்தும் குடும்பங்களுக்கு

ஓட்டத் தெரியாதவர்களும் பாதுகாப்புக்காகச் செய்யக்கூடியவை பல உண்டு.

• சுமையைக் கணக்கிடுங்கள். 50 கிலோ சீமெந்துப் பை 20 சேர்ந்தால் 1 தொன். லொறி எவ்வளவு ஏற்றலாம் என்று சாரதியிடம் முதலிலேயே கேளுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொண்டுபோகும் ஆசைக்கு இரண்டு தடவை போவதே மேல்.
• பாரமானவற்றைக் கீழே வையுங்கள். மெத்தை, கதிரை போன்றவை மேலே. எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.
• சாமான்களின் மேல் யாரும் ஏற வேண்டாம். பிள்ளைகளும் வயதானவர்களும் பஸ்ஸிலோ வேனிலோ தனியாக வரட்டும்.
• பகலில் புறப்படுங்கள். மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்று பொருள். எச்சரிக்கை உள்ள பகுதிக்குச் சாமான் ஏற்ற வேண்டாம்.
• பாதையின் ஓரத்தில் வெடிப்போ தாழ்வோ தெரிந்தால் லொறியை நிறுத்தச் சொல்லி, ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பாருங்கள்.
• சாரதியை அவசரப்படுத்தாதீர்கள். "இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும், அண்ணே, கொஞ்சம் சுறுக்கா" என்ற ஒரு சொல்லே அவரை அடுத்த கியருக்குத் தள்ளிவிடும்.
• காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் எஞ்சின் முனகிக்கொண்டே வந்தால் லொறி பிடிப்பில் இருக்கிறது. சத்தம் திடீரென்று அடங்கி, லொறி வேகம் எடுத்தால் அது நியூட்ரலில் போகிறது. "அண்ணே, கியரில் போடுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். வாடகை கொடுப்பவர் நீங்கள். ஏற்றியிருப்பதும் உங்களிடம் மிஞ்சியிருக்கும் சாமான்களைத்தான்.

தொழிலாகக் கற்க விரும்புவோருக்கு

வீடுகள் திருத்தப்படும் காலத்தில் மணல், கல், தகரம் ஏற்ற லொறிச் சாரதிகள் தேவைப்படுவார்கள். மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1 வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு மேற்பட்டவைக்கு சி, பெரிய இழுவைப் பெட்டி பூட்டிய லொறிக்கு சிஈ. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களமே இவற்றை வழங்குகிறது. விண்ணப்பத்துக்குத் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் தேவை. புயலில் அடையாள அட்டையோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால், முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

அவசரத் தேவைக்கு: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இந்த மூன்று இலக்கங்களையும் லொறியில் போகும் ஒவ்வொருவரும் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள்.